பேருந்து திரும்பும் இடம்

ஊரின் கடைசித் தெருவுக்குப் பேருந்து வராததற்குக் காரணம் ஒரு மலை. இயற்கை அமைத்த மலை இல்லை, நகராட்சி அமைத்தது. பேருந்து வந்து திரும்ப வேண்டிய மைதானத்தில், ஊரார் வேண்டாம் என்று எறிந்ததையெல்லாம் லாரி லாரியாகக் கொட்டிக் கொட்டி எழுப்பியது. அதன் மேல் ஏறிய வெள்ளாட்டுக் குட்டி ஒன்று, இறங்கி வரும்போது பேரன் பேத்தி எடுத்திருந்தது என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பேரன் மட்டும்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் கயிறும் கொக்கியுமாக வந்து, மலையேறுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விசாரித்ததில் மிகை எதுவும் இல்லை. அந்தத் தெருவில் மட்டும் சூரியன் தாமதமாக உதித்தது. அதனால் தெருக்காரர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. சூரியன் கண் விழிப்பதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிற ஜனங்கள் அவர்கள்.

ஊரைப் பெருக்குகிறவர்களும், சாக்கடை அடைப்பை எடுக்கிறவர்களும், குப்பை லாரி ஓட்டுகிறவர்களும் குடியிருந்த தெரு. தாத்தா காலத்திலிருந்து அதே வேலை, அதே தெரு. குப்பை கொட்டுவதற்கென்று முறையாக ஒதுக்கிய கிடங்கு வாய்க்காலுக்கு அப்பால் இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி, "அள்ளுகிறவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள், அவர்கள் வாசலிலேயே கொட்டிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்" என்று யோசித்திருக்கிறார். யோசித்தவர் ஓய்வு பெற்றார். பிறகு காலமும் ஆனார். யோசனை மட்டும் ஓய்வு பெறவில்லை.

பேருந்து பாலத்தடியிலேயே திரும்பிக்கொள்ளும். அங்கிருந்து தெருவுக்கு நடைதான். பாலத்தடி வரைக்கும் வருவதும் லேசான காரியம் இல்லை. துடைப்பத்தோடு நிற்கிற பெண்களைக் கண்டால் நடத்துநர் விசிலை வாயில் வைத்துவிடுவார். "தொடப்பத்தோட ஏறாதீங்கம்மா, மத்தவங்க சங்கடப்படுவாங்க" என்பார். அந்த மற்றவர்களின் வாசலைத்தான் அன்று காலையில் அந்தத் துடைப்பம் கூட்டியிருக்கும்.

இந்தத் தெருவிலிருந்து முதன்முதலாகக் கறுப்பு அங்கி போட்டவள் மேஸ்திரியம்மாவின் மகள். பெருக்கும் பெண்களின் கும்பலுக்குத் தலைவி என்பதால் அம்மாவுக்கு மேஸ்திரி என்று பெயர்; மகளுக்குத் தெரு வைத்த பெயர் பட்டாசு. அவள் குழந்தையாக இருந்தபோது அழுத அழுகையில் அடுத்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. பிறகு அவள் பேச ஆரம்பித்ததும் அது மறுபடி ஓடியது, பயத்தில்.

வக்கீலாகிவிட்டாளே தவிர, கோர்ட்டிலிருந்து வீடு வரைக்கும் பேருந்து வராததால் ஊருக்குள் அறை தேட வேண்டியிருந்தது. அந்த ஊரில் காலி அறைகளுக்குப் பஞ்சமே இல்லை. "நீங்க எந்தத் தெரு?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அவள் சொல்லுவாள். சொல்லி முடிப்பதற்குள் அறை வேறு யாருக்கோ வாடகைக்குப் போய்விட்டிருக்கும். இவ்வளவு சுறுசுறுப்பான வியாபாரம் உலகத்தில் வேறு எங்கும் நடந்ததில்லை. கடைசியில் கோர்ட்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தின் காகிதக் கிடங்கு கிடைத்தது. அச்சகக்காரருக்குக் காது மந்தம். எந்தத் தெரு என்று கேட்டாரே தவிர, பதில் அவருக்கு எட்டவில்லை.

"வந்துரும்மா என்னோட. உன் முட்டி இருக்கிற இருப்புக்கு பாலத்துல இருந்து தெனம் நடக்க முடியுமா?" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை வந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். "இந்த மை நாத்தத்துல மனுசன் படுப்பானா? நான் என் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். மலைக்கு அடியில் குடியிருந்தவள் சொன்னது இது.

ஆக, மகள் வீடு திரும்ப வேண்டுமானாலும், அம்மா முட்டியைத் தேய்க்காமல் வேலைக்குப் போய்வர வேண்டுமானாலும், பேருந்து வர வேண்டும். பேருந்து வர வேண்டுமானால் வழக்குப் போட வேண்டும். பட்டாசு போட்டாள். சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: ஒருவருடைய பிறப்பையோ தொழிலையோ காரணம் காட்டிப் பொதுச் சேவை எதையும் மறுக்கக் கூடாது. எழுதி வைத்த நாளிலிருந்து யாரும் தொடாததால் அது புது மெருகு குலையாமல் அப்படியே பளபளவென்று இருந்தது.

நகராட்சிதான் பேருந்தையும் ஓட்டியது, குப்பையையும் கொட்டியது. ஆகவே எதிர்த்தரப்புக்கு ஒரே வக்கீல் போதுமாயிருந்தது. அவரை எல்லோரும் வெண்கலம் என்பார்கள், குரலுக்காக. அவர் வாதாட எழுந்தால் கோர்ட்டுக் கூரையில் சுற்றுகிற மின்விசிறி மரியாதைக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"ஐயா!" என்று வெண்கலம் முழங்கினார். "எங்கள் பதில் மூன்று. முதலாவது, அங்கே குப்பைமேடு என்று ஒன்று கிடையவே கிடையாது. இரண்டாவது, அப்படி ஒன்று இருந்தாலும் அதைப் போட்டது நாங்கள் இல்லை, அந்தத் தெருவாசிகளே. மூன்றாவது, அந்த மேடு மறித்துக்கொண்டு நிற்பதால்தான் பேருந்து அங்கே திரும்ப முடியவில்லை. மற்றபடி எங்களுக்கு அவர்கள் மேல் எந்த வேற்றுமையும் கிடையாது. டெண்டர் விட்டு அகற்றுவதானால் இரண்டு வருஷம் ஆகும்."

பட்டாசு எழுந்தாள். "ஐயா, இல்லாத மேடு எப்படிய்யா பஸ்ஸை மறிக்கும்?"

"ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. சட்டத்தில் அப்படி வாதாட இடம் உண்டு, வக்கீலம்மா" என்றார் வெண்கலம் பரிவோடு. உண்டுதான். அதைப் படித்தபோதே அவளுக்குத் தலை சுற்றியிருந்தது.

நீதிபதி எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். தூங்குகிறார் என்று நம்பி வாய்க்கு வந்ததைப் பேசிய வக்கீல்கள் பலர் பிற்பாடு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

"ஐயா, நேர்ல வந்து பாருங்க" என்றாள் அவள். "அந்த மேட்டுல என்ன கிடக்குன்னு பாத்தாலே அது யார் போட்டதுன்னு தெரிஞ்சுரும்."

அதுதான் அவளுடைய துருப்புச்சீட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறி அங்கே கிடப்பதையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். மேற்குச் சரிவில் ஒரு லிஃப்ட் கதவு கிடந்தது. அந்தத் தெருவில் மாடிவீடே கிடையாது. பல் டாக்டரின் நாற்காலி ஒன்று உச்சிக்குப் பக்கத்தில் ஆகாயத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. பளிங்குக் குளியல் தொட்டி இருந்தது, சரவிளக்கு இருந்தது, பாதி பியானோ இருந்தது. மழை பெய்தால் பியானோ தானாகவே வாசிக்கும், சுருதி சேராமல். நீதிபதி இதையெல்லாம் கண்ணைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

நீதிபதி கண்ணைத் திறந்தார். "திங்கட்கிழமை காலையில் வருகிறேன்."

பட்டாசு வெளியே ஓடிவந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா! திங்கக்கெழம நம்ம தெருவுக்கு நீதிபதி வராரும்மா!"

"நம்ம தெருவுக்கா?" அம்மாவின் குரல் ஒரு படி இறங்கியது. "நேராவா?"

"நேரா. நம்ம தெருவப் பாக்க."

"உள்ள எல்லாம் வருவாரா?"

"வருவாரும்மா. நான் இங்க கேஸுக்குத் தயார் பண்ணணும், இந்த வாரம் வீட்டுக்கு வரல. வச்சுரவா?"

"வையி, வையி. எனக்கும் வேல இருக்கு" என்றாள் அம்மா.

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. சட்டக் கல்லூரியில் எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். பெருக்குகிறவர்கள் தெருவுக்கு ஒரு விருந்தாளி வரப்போகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்கே அது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் நீதிபதி காரில் முன்னால் போனார். ஜன்னல் கண்ணாடியை இறுக்கி மூடி, மூன்று கைக்குட்டைகளைத் தைலத்தில் நனைத்து மடியில் வைத்திருந்தார். பின்னால் வெண்கலத்தின் கார். அதற்கும் பின்னால், கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதுகிற அக்காவின் ஸ்கூட்டரில் பட்டாசு. பாலத்தில் ஏறியதுமே மலை தெரிய வேண்டும்.

மலை இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

"அக்கா, வழி தப்பிட்டமா?" என்றாள்.

"நான் கார் பின்னாடியே வரேன்மா. உங்க தெரு உனக்குத்தானே தெரியணும்" என்றாள் சுருக்கெழுத்தக்கா.

வழி தப்பவில்லை. தெரு முனையில், மலை நின்ற இடத்தில், ஒரு மைதானம் விரித்துப் போட்டிருந்தது. பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஓரங்களில் வெள்ளைக் கோடு கிழித்திருந்தது. அவ்வளவு சுத்தம். ஒரு காக்கை இறங்கப் பார்த்து, காலைத் துடைத்துக்கொள்ள இடம் கிடைக்காமல் திரும்பிப் போனது. மைதானத்தின் விளிம்பில் தெரு முழுக்கச் சலவை உடுப்போடு வரிசையாக நின்றது. எல்லோர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. வரிசையின் தலையில் அம்மா, துடைப்பத்தைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு நின்றாள்.

பட்டாசு ஸ்கூட்டரிலிருந்து குதித்து ஓடினாள். "அம்மா... அது எங்க?"

"எது?"

"எதுவா? மலைம்மா! மலை!"

"ஓ, அதுவா. எடுத்தாச்சு." அம்மா குரலைத் தணித்தாள். "எப்படி இருக்கு?"

"எடுத்தாச்சா? அதப் பாக்கத்தானேம்மா அவரு வந்திருக்காரு!"

"நல்லா இருக்கே நியாயம்! ஒரு பெரிய மனுசன் நம்ம தெருவ மதிச்சு மொதல்முறையா வராரு. வாசல்ல குப்பைய வச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்லச் சொல்றியா? ஊரு வாசலெல்லாம் கூட்டுறவ என் வாசலக் கூட்ட மாட்டேனா?"

"அது என் சாட்சிம்மா!"

"சாட்சின்னா எப்படி இருக்கணும்? சுத்தமா இருக்கணும்" என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச்சு இல்லை என்பதுபோல் துடைப்பத்தை மாற்றுத்தோளில் சாத்தினாள்.

அம்மாவின் தம்பி, குப்பை லாரி ஓட்டுகிறவர், விசில் மாமா என்று பெயர், ஓரடி முன்னால் வந்தார். "கோவப்படாத பாப்பா. கஷ்டப்பட்டுட்டோம். ஊர்ல இருக்கற நம்மாளுங்க அத்தன பேரும் வந்துட்டாங்க. லீவு போட்டவன், சம்பந்திக்காரன், பேச்சுவார்த்த இல்லாதவன், எல்லாரும். வெள்ளிக்கெழம சாயங்காலம் தொட்டோம், இன்னிக்கு விடியக்காலைலதான் கைய எடுத்தோம். எங்க கொண்டு போனோம்னு நெனைக்கிற? முறையா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நகராட்சிக் கெடங்குக்கே! அங்க காவலுக்கு ஒரு பெரியவரு. வேலைக்குச் சேந்த நாளா அவரு குப்பையவே கண்டதில்லையாம். சும்மா இருக்க முடியாம கெடங்கு பூரா ரோஜா போட்டிருக்காரு. லாரியப் பாத்ததும், 'குப்பையா? இங்கயா? யார்யா நீங்க? விலாசம் தப்பு'ங்கறாரு. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூலைய வாங்கினோம்."

"பியானோ?" என்றாள் அவள் ஈனக் குரலில்.

"அவருதான் வச்சுக்கிட்டாரு. ரோஜாவுக்கு நல்லதாம்."

நீதிபதி காரைவிட்டு இறங்கி, ஒரு கைக்குட்டையை மூக்கில் வைத்து, எடுத்து, மோந்து பார்த்தார். கைக்குட்டைதான் வாடையடித்தது. மூன்றையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மைதானத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பட்டாசைப் பார்த்தார்.

"எங்கேம்மா அந்த மேடு?"

நேற்று வரைக்கும் இருந்தது ஐயா என்று சொல்ல வாயெடுத்தாள். எந்தக் குற்றவாளியும் எந்தக் கோர்ட்டிலும் சொல்லுகிற வசனம் அது. அந்த வாய் திறந்தபடி நின்றது. ஏனென்றால் அதற்குள் வெண்கலம் முந்திக்கொண்டார்.

வெண்கலத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று அவர் மனைவியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். மைதானத்தின் நடுவே போய் நின்று, இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா! இதுதான் மலையாம்! சொன்னேனே, முதலாவதாகச் சொன்னேனே, குப்பைமேடு என்று ஒன்று கிடையாது என்று! ஒரு காகிதத் துண்டு? ஒரு முட்டை ஓடு? இந்த இடத்தில் எந்த இடையூறும் இல்லை. எழுதிக்கொள்ளும்மா" என்று சுருக்கெழுத்தக்காவைப் பார்த்தார். "எந்த. இடையூறும். இல்லை. இவ்வளவு விசாலமான இடம் இந்த ஊரிலேயே கிடையாது. பேருந்து என்ன ஐயா, இங்கே கப்பலே திரும்பும்!"

"கப்பலையும் எழுதவா?" என்றாள் சுருக்கெழுத்தக்கா.

"தாராளமாக!"

பட்டாசு வாயை மூடினாள். அவள் வாழ்க்கையில் அவள் செய்த கடினமான காரியம் அதுதான். உள்ளே திரி பற்றி எரிகிறது. வெளியே சத்தம் வரக் கூடாது. தெருக்காரர்களுக்கே அது தாங்கவில்லை. "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வெண்கலம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"முடிஞ்சுதாய்யா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"முடிந்தது" என்றார் வெண்கலம், மூச்சு வாங்க.

அவள் நீதிபதியிடம் திரும்பினாள். "ஐயா, எதிர்த்தரப்பு சொன்னத நான் ஒரு எழுத்து விடாம ஒத்துக்கறேன். இங்க எந்த இடையூறும் இல்ல. கப்பலே திரும்பும். அப்ப பஸ் திரும்பும்தானே?"

வெண்கலத்தின் விரித்த கைகள் விரித்தபடியே நின்றன, இறக்கி வைக்க இடம் தெரியாமல்.

நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார். தெருக்காரர்கள் அவர் நின்றபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடியபடியே கேட்டார்: "வக்கீல் ஐயா, உங்கள் மூன்றாவது பதில் என்ன?"

"அது... ஐயா... அது முதலாவது பதில் பொய்த்தால் மட்டுமே..."

"முதலாவது பொய்க்கவில்லையே. நன்றாக நிரூபித்துவிட்டீர்களே."

"ஆனால் ஐயா, இவர்கள்தான் அள்ளியிருக்க வேண்டும்!" என்று வெண்கலம் கதறினார். "மேடு இருந்தது! நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்!"

"அதையும் எழுதவா?" என்றாள் சுருக்கெழுத்தக்கா.

"வேண்டாம்!"

நீதிபதி கண்ணைத் திறந்து மேஸ்திரியம்மாவிடம் போனார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லவைக்கப் பட்டாசுக்கும் மனமில்லை.

"நீங்கதான் அள்ளினீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா" என்றாள் அம்மா. "நாங்கதான். போக வேண்டிய எடத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துட்டோம். நீங்க வரீங்கன்னு சொன்னாங்க."

"எனக்காகவா?"

"இது வரைக்கும் யாரும் எங்க தெருவப் பாக்கன்னு வந்ததில்லீங்களே. லாரி வரும், கொட்டும், போகும். வேற யாரு வந்தா?"

நீதிபதி தன் செருப்பைப் பார்த்தார். "நகராட்சிக்கு இரண்டு வருஷம் ஆகும் என்றார்களே?"

"டெண்டர் விட்டா ஆகும்தானுங்க" என்றாள் அம்மா.

விசில் மாமா எதற்கோ திரும்பி நின்று இருமினார். நீதிபதியின் மீசையும் ஒரு தடவை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"இந்த இடத்தில் பேருந்து திரும்புமா திரும்பாதா என்பதை இப்போதே பார்த்துவிடுவோம்" என்றார்.

பாலத்தடியில் வந்து நின்ற பேருந்தை விசில் மாமா போய்க் கையோடு கூட்டிவந்தார். நீதிபதி கூப்பிடுகிறார் என்றதும் நடத்துநர் தன் வாழ்நாளில் செய்த அத்தனை தப்பையும் மனதுக்குள் ஒரு முறை எண்ணிப்பார்த்துக்கொண்டு வந்தார். பேருந்துக்குள் இருந்த பயணிகள் இறங்க மறுத்துவிட்டார்கள். வழக்கு என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது? ஓட்டுநர் மைதானத்துக்குள் நுழைந்து, ஒடித்து, ஒரே வீச்சில் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நிறுத்தினார். பின்னால் எடுக்கக்கூட இல்லை. நிறுத்திவிட்டு இறங்கிவந்து, மைதானத்தை ஏக்கத்தோடு பார்த்தார்.

"ஐயா, இன்னொரு தடவ சுத்திக் காட்டவாங்கய்யா? பாலத்தடில திருப்புறதுக்குள்ள எனக்கு தெனமும் தோள்பட்டை கழண்டுருதுங்க. இது மாதிரி எடத்துல வண்டி ஓட்டிக் காலமாச்சு."

"சுற்றுங்கள்" என்றார் நீதிபதி.

மூன்று முறை சுற்றினார். மூன்றாவது முறை பயணிகள் கைதட்டினார்கள்.

நீதிபதி அங்கேயே, நின்றபடியே, சுருக்கெழுத்தக்காவுக்குத் தீர்ப்பைச் சொன்னார். நாளை முதல் பேருந்து இந்த மைதானம் வரை வர வேண்டும். வழியில் எந்த நிறுத்தத்தில் யார் நின்றாலும், கையில் என்ன வைத்திருந்தாலும், வண்டியை நிறுத்த வேண்டும், ஏற்ற வேண்டும். துடைப்பம் என்பது தொழில் செய்கிறவரின் கருவி. மேஸ்திரியம்மாவின் துடைப்பத்துக்கும் வக்கீலின் பேனாவுக்கும் பேருந்தில் ஒரே மரியாதை. இந்த இடத்தில் குப்பை இல்லை என்று நகராட்சியே மகிழ்ச்சியோடு பதிவு செய்திருப்பதால், அந்த மகிழ்ச்சிக்குப் பங்கம் வராதபடி இனியும் அது குப்பை இல்லாமலே இருக்க வேண்டும். ஒரு லாரி இங்கே கொட்டினாலும், கோர்ட்டுக்குப் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும்.

"கப்பல்?" என்றாள் சுருக்கெழுத்தக்கா.

"கப்பலைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை" என்றார் நீதிபதி.

போகிறபோது வெண்கலம் பட்டாசின் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் மேஸ்திரியம்மா அதற்குள் ஒரு நாற்காலியும் ஒரு தம்ளர் டீயும் கொண்டுவந்து, "பாவம், எவ்வளவு சுத்தினீங்க, உக்காருங்கய்யா" என்று உட்கார்த்திவிட்டாள். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கோபப்படுவது எவ்வளவு பெரிய வக்கீலுக்கும் சிரமம்.

"இவ்வளவு பெரிசா இருக்கும்னு நெனச்சதே இல்லம்மா" என்றார், முதல் தடவையாகச் சாதாரணக் குரலில்.

"எது சார், மலையா?"

"மைதானம்" என்றார்.

எல்லோரும் போன பிறகு மகள் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள், திட்டைக் கொஞ்சம் கூடுதலாக. "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? என் உசுரே போயிருச்சு. அந்த ஆளு மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"அந்த ஆளா? வாயத் தொறக்காமலா?" என்றாள் அம்மா. "போடி. மூட்டையக் கட்டிக்கிட்டு வர வழியப் பாரு."

மறுநாள் சாயங்காலம் பட்டாசு அச்சகக்காரரிடம் சாவியைக் கொடுத்தாள். காலி பண்ணுகிறேன் என்று சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், வாசல் வரை வந்து கையாட்டினார். ஒரு தோளில் படுக்கை, ஒரு கையில் பெட்டி, அக்குளில் சட்டப் புத்தகங்கள். கோர்ட்டு வாசல் நிறுத்தத்தில் வந்து நின்றாள். பேருந்தின் நெற்றிப் பலகையில் புதிதாக அவள் தெருவின் பெயர் எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. தூரத்திலேயே தெரிந்தது.

பேருந்து நின்றது. நடத்துநர் இறங்கி, முறையாக, "ஏறுங்கம்மா" என்றார். சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் வருத்தம்.

உள்ளே ஊசி நுழைய இடமில்லை. தெரு முழுக்க ஏறியிருந்தது. காலை முதல் வண்டியிலிருந்து அப்படித்தானாம். எங்கேயும் போகவேண்டிய வேலை இல்லை. மைதானத்தில் ஏறுகிறார்கள், ஊரைச் சுற்றுகிறார்கள், மைதானத்துக்கே வந்து, இறங்காமல் மறுபடி டிக்கெட் எடுக்கிறார்கள். படியில் விசில் மாமா தொங்கிக்கொண்டு, நடத்துநருக்கு முன்னால் தானே விசிலடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர இருக்கைகள் எல்லாவற்றிலும் பெருக்குகிற அத்தைகளும் சித்திகளும். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு துடைப்பத்தின் நுனி வெளியே எட்டிப் பார்த்துக் காற்று வாங்கியது. தொலைவிலிருந்து பார்த்தவர்கள் பேருந்துக்கு மீசை முளைத்திருக்கிறது என்று சொன்னார்கள். வேறு தெருக்காரர்களும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கடப்பட நேரமில்லாமல், நடந்த வழக்கை ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சித்தியின் கணக்கில் வெண்கலம் மைதானத்தை நூறு தடவை சுற்றியிருந்தார்.

ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் அம்மா, காலை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எடமில்லடி! அடுத்த வண்டில வா!"

"அம்மா! கேஸ் போட்டதே நான்! நீ இறங்கும்மா, நான் வீட்டுக்குப் போகணும்!"

"நான் எதுக்கு எறங்கணும்? முட்டி வலிக்குது!" என்று கத்தினாள் அம்மா. பேருந்து கொல்லென்று சிரித்தது. விசில் மாமா ஊதினார். வண்டி கிளம்பியது.

பட்டாசு பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலே உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "அடுத்த வண்டி வருமாம்மா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"வரும் சார்" என்றாள். "வந்தே ஆகணும்."